ஏழுமலை கொடுத்த பங்கு

1997 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கத்திப்பாராவில் திருவண்ணாமலைப் பேருந்தைப் பிடித்தேன். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். தோள்பையில் பாதி இடத்தைப் பனிமலை பூட்ஸ் ஒரு ஜோடி அடைத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் தட்டிப் பார்த்து, "உள்ள என்னா சார், கருங்கல்லா?" என்றார்.

அந்த பூட்ஸின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தா. குடியிருப்பது பரங்கிமலை. இமயத்தை அளந்த வேலைக்கு முதல் கோடு 1802-ல் எங்கள் பரங்கிமலை அடிவாரத்தில்தான் போடப்பட்டது. அந்தக் கணக்கு வடக்கே நகர்ந்து நகர்ந்து ஐம்பது வருடத்தில் எவரெஸ்டைக் கண்டுபிடித்தது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மலைக் கிறுக்கு. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டியவை உலகில் பதினான்கு. 1950-ல் அன்னபூர்ணாவில் தொடங்கி 1964-க்குள் பதினான்கின் உச்சியையும் மனிதன் எட்டிவிட்டான். அன்னபூர்ணா ஏறியவர்களுக்குக் கால்விரல்கள் போயின என்று படித்த பிறகும் என் கிறுக்கு தெளியவில்லை.

1994 மே மாதம் இந்த பூட்ஸை வாங்கி, விடுப்பு எடுத்துக்கொண்டு இமயத்தின் கார்வால் பகுதியில் ஒரு மலையேற்ற முகாமுக்குப் போனேன். கடைசி நாள் பதினெட்டாயிரம் அடிச் சிகரம். ஒரு கயிற்றுக்கு இரண்டு பேர். என்னோடு கட்டப்பட்டவன் ராவத், மலைக் கிராமம் ஒன்றில் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். உச்சிக்கு முந்நூறு அடி இருக்கும்போது எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. ஒரே கயிறு என்றால் ஒருவன் இறங்கும்போது மற்றவனும் இறங்கியாக வேண்டும். ராவத் என்னைக் கிட்டத்தட்ட சுமந்துகொண்டு இறங்கினான். உச்சியைத் தொட்டவர்களுக்குத்தான் அடுத்த பயிற்சியில் இடம். அவனுக்கு அது கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவில்லை.

கூடாரத்தில் அவனிடம் எங்கள் பக்கத்து அண்ணாமலையைப் பற்றி ஏகத்துக்கு அளந்திருந்தேன். மேலே என்ன இருக்கிறது என்று கேட்டான். நான் ஏறியதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அப்புறம் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு வருடம் தவறாமல் அவனிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வரும். "உன் மலையில் ஏறினாயா?" அவ்வளவுதான் எழுதியிருப்பான். மூன்று அட்டைக்கும் நான் பதில் போடவில்லை. ஒருவனுடைய உச்சியைப் பறித்துவிட்டு அவனுக்கு என்ன எழுதுவது? இந்த முறை ஏறிவிட்டாவது எழுதிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

திண்டிவனத்தில் காபி, செஞ்சியில் கோட்டைப் பாறைகள். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் ஜன்னலில் மலை தெரிந்தது. 2,668 அடி. எவரெஸ்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பதினொன்றரைக்குப் பேருந்து நிலையம். ஆட்டோக்காரர் பெயர் செல்வம். "மலைக்குப் போகணும்" என்றேன். அறுபது ரூபாய் கேட்டார். கண்ணெதிரே நிற்கும் மலைக்கு அறுபதா என்று சண்டை போட்டு ஐம்பதுக்கு இறக்கினேன். ஆட்டோ செங்கம் சாலையில் போனது, ரமணாசிரமத்தைத் தாண்டியது, புளியமர நிழலில் திரும்பியது. ஒவ்வொரு லிங்கம் வந்தபோதும் செல்வம் வேகத்தைக் குறைத்து, "கும்பிட்டுக்கங்க சார்" என்றார். மலை வலப்பக்கத்திலேயே இருந்தது, கிட்டே வரவே இல்லை. எட்டு கிலோமீட்டர் ஆனபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எப்பங்க மலைக்குப் போவீங்க?"

"போய்னுதான் சார் இருக்கோம். மலைக்குன்னா சுத்தறதுதான். மேல போறதுன்னா, மேல போவணும்னு சொல்லணும்."

அந்த ஊரில் மலைக்கு வருகிற யாரும் ஏற வருவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலத்துக்கு ஐம்பது ரூபாய் என்று பேரம் பேசிய என் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்பும் வந்தது. செல்வமும் சிரித்துவிட்டு, அடி அண்ணாமலையில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினார். "எங்க அக்கா ஊட்டுக்காரரு. கார்த்திகை தீபத்துக்கு நெய் தூக்கினு போறவரு. அவரு உங்கள இட்டுனு போவாரு."

அவர் விதைக்காக வேர்க்கடலை, அவர்கள் பேச்சில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏழுமலை என்று பெயர் சொன்னார். பதினான்கில் பாதியைப் பெயரிலேயே வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அவர் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த பூட்ஸைத்தான் கவனித்தார்.

"இத இங்கியே வெச்சிடுங்க. மலையே சாமிங்க. செருப்புக் காலோட மேல போறதில்ல."

பிப்ரவரி 1, சனிக்கிழமை. விடிகாலை ஐந்தரைக்குப் பெரிய கோயிலுக்குப் பின்னால் பேய்க்கோபுரத் தெருவில் ஏறத் தொடங்கினோம். வெறுங்கால். அலுவலக நாற்காலியில் வளர்ந்த என் பாதம் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் புரிந்துகொண்டது. ஏழுமலை பேசிக்கொண்டே ஏறினார். தீபத்துக்கு முந்தைய நாள் ஆளுயரச் செப்புக் கொப்பரையைக் கம்பில் கட்டி, பல பேர் சேர்ந்து இதே வழியில் தூக்கிப் போவார்களாம். நெய் டின்கள் தனியாகத் தலையில் போகும். நான் எவரெஸ்டில் சுமை தூக்கும் ஷெர்பாக்களைப் பற்றிச் சொன்னேன். 1953-ல் முதலில் ஏறிய இருவரில் ஒருவர் ஷெர்பா என்றதும், "பின்ன? வழி தெரிஞ்சவன் இல்லாம எப்பிடி?" என்றார்.

ஏழு மணிக்கு ஒரு பாறையில் உட்கார்ந்தோம். எனக்கு மூச்சு இரைத்தது, அவர் வெற்றிலை போட்டார். நான் கஞ்சன்ஜங்கா கதையைச் சொன்னேன். அது உலகின் மூன்றாவது உயரம். 1955-ல் ஏறிய ஆங்கிலேயர்கள், அந்த மலை சிக்கிம்காரர்களுக்குத் தெய்வம் என்பதால், மிதிக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள்.

ஏழுமலை வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "நல்ல மனுசங்க. நாங்க மிதிச்சிட்டு அப்பால மன்னிப்பு கேக்கறோம். தீபம் முடிஞ்சதும், இத்தினி ஜனம் கால் வெச்சிட்டாங்களேன்னு ஐயருங்க தண்ணி கொண்டாந்து பிராயச்சித்தம் பண்ணுவாங்க. வருசா வருசம்."

எட்டே முக்காலுக்கு உச்சி. நெய்யும் கரியும் ஊறிய கறுப்புப் பாறை, காலை வைத்தால் வழுக்கியது. பாறையில் செதுக்கிய இரண்டு பாதங்கள், அவற்றின்மேல் காய்ந்த பூ. கீழே கோபுரங்களும் ஏரிகளும். மூன்று வருடமாக இந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தேன். வந்தபோது சந்தோஷமே வரவில்லை. இன்னும் முந்நூறு அடிதான் என்று பனியில் நின்றபடி மேலே ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிய ராவத்தின் முகம்தான் வந்தது. அழுகை வந்துவிட்டது. ஏழுமலை என்னவென்று கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்களுக்கும் ஆவறதுதான் சார் இது," என்றார். "கொப்பர தூக்கசொல்லோ ஒருத்தன் கால் மடங்கி உழுந்துடுவான். அவன எறக்க இன்னொரு ஆளு திரும்பிடணும். அப்பால தீப மை எங்க ஆளுங்க பங்கு போடுவோம். மொதப் பங்கு அந்தத் திரும்பின ஆளுக்குத்தான்."

"ஏன்?"

"மேல போனவனுக்கு மலை கெடைச்சிடுச்சு. அவனுக்கு இன்னா கெடைச்சிது?"

இறங்கும்போது நான் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன். ஏழுமலை ஒவ்வொரு வளைவிலும் எனக்காக நின்றார். அடி அண்ணாமலையில் அவர் மனைவி சுடச்சுடச் சோறு போட்டார். சாப்பிட்டு எழுந்ததும் ஏழுமலை சாமி மாடத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தார். கொப்பரையில் எரிந்த திரிச் சாம்பலை நெய்யில் குழைத்த கறுப்பு மை. அதில் பாதியைப் பிரித்து வேறு காகிதத்தில் மடித்தார்.

"உங்களுக்கு இல்ல," என்றார். "உங்கள எறக்கினாரே, அவருக்கு."

மதியம் இரண்டரைக்குப் பேருந்து. மடியில் அட்டையை வைத்து எழுதினேன், குலுக்கலில் எழுத்து பரதநாட்டியம் ஆடியது. "ராவத், ஏறிவிட்டேன். மேலே இரண்டு பாதங்கள் இருக்கின்றன, என்னுடையவை இல்லை. திரும்பியவனுக்கு முதல் பங்கு என்பது இந்த மலையின் வழக்கம். உன் பங்கு தீப மையை மூன்று வருடம் தாமதமாக அனுப்புகிறேன். நெற்றியில் வைத்துக்கொள், கரிப் பல்பொடி என்று நினைத்துப் பல் தேய்த்துவிடாதே." கீழ்பென்னாத்தூர் வரைக்கும் மலை ஜன்னலில் கூடவே வந்தது, நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் அது எங்கே மறைந்தது என்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை பரங்கிமலைத் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றேன். எங்கள் மலை ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது. மாடிப்படி ஏறுவதுபோல் ஏறிவிடலாம். தபால் குமாஸ்தா, அட்டையையும் பொட்டலத்தையும் வைத்து ஒட்டிய உறையை அமுக்கிப் பார்த்து, "உள்ள என்ன சார்?" என்றார்.

"பங்கு."

"ஷேர் பத்திரமா? சாதாரணத்துல போட்டா காணாமப் போயிடும். ரிஜிஸ்டர் பண்ணிடுங்க."

பண்ணிவிட்டேன்.