வரிசை எண் ஒன்று

பக்கத்து வீட்டு அக்கா டிபன் மூடியைத் தாளில் கவிழ்த்து வட்டம் வரைந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது: மனு எழுதலாம்!

அவர் பீங்கான் பட்டறையில் ஃபியூஸ் கட்டைக்கு ஓரம் தேய்ப்பவர். மதியச் சாப்பாட்டு வேளையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பட்டறை வாசலில் பன்னிரண்டு பெண்கள், கையெல்லாம் வெள்ளை மண். மேஸ்திரி பின்னால் வந்து உரசுவதை ஆளாளுக்குச் சிரித்தபடி சொன்னார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்க என்னவோ போலிருந்தது.

"இப்புடிச் சுத்தி வரக் கையெழுத்துப் போட்டா, மொதல்ல போட்டவ எவளுன்னு எந்த மவராசனுக்குத் தெரியும்?" என்றார் அக்கா.

எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு அன்றே மனுவை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ஜங்ஷன் ரோட்டில் டைப் அடிக்கக் கொடுத்தேன். கடைக்காரர் வட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "மனுன்னா வரிசை எண் வேணும்மா." சரி என்றேன். யாரையும் கேட்கவில்லை.

பக்கத்து வீடுதானே என்று முதலில் அக்காவிடமே நீட்டினேன்.

"என்னாடி, ரேஷன் கடையாட்டம் நம்பரு?"

"இப்படித்தான்க்கா எடுத்துப்பாங்க."

என்னை நம்பிப் போட்டார். மற்றவர்கள் அவருக்குக் கீழே போட்டார்கள்.

மனுவை முதலாளியிடம் கொடுத்த மூன்றாம் நாள், அவர் முதல் பெயரை மட்டும் வாசித்தாராம். "நீதான் தலைவியா? நாளையிலேர்ந்து வராத." மேஸ்திரி அப்படியே இருக்கிறான். மற்றவர்களைத் தேடிப் போனேன். ஒருவர் கதவைப் பாதி திறந்து, "எனக்கும் புள்ளைங்க இருக்குதும்மா. வூட்டுக்கெல்லாம் வராத" என்றார்.

அக்கா இப்போது கடலைக் கொல்லையில் களை எடுக்கிறார், வேலை இருக்கிற நாட்களில். மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் துணி உலர்த்துவதை நிறுத்தவில்லை.

"மன்னிப்ப வச்சி நான் என்னா பண்றது? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல, படிச்ச புள்ள."

கடைசித் துணியை உதறிப் போட்டபடி அவரே கேட்டார்: "கலெக்டர் ஆபீசுல பொம்பளைங்க புகாரு கேக்க ஒரு குழு இருக்குதாமே?"

"இருக்குதுக்கா. நான் எல்லாத்தையும்..."

"நீ ஒண்ணும் பேசாத. நான் சொல்றேன். கேட்டா மட்டும் எழுது."

திங்கட்கிழமை கடலூர் பஸ். கூட வருவதாகச் சொன்னது இரண்டே பேர். அதிலும் ஒருவர் யோசிக்கிறார். அக்கா சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதுவரை வாயைத் திறக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.