பெண் கேட்கப் போன இடத்துக் கோப்பி

டிக்கெட் விற்பது சுலபம். போகிற நாட்டில் எப்படி இருக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்புவதுதான் எங்கள் தொழிலின் தலைவலி. ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரில் பயண முகவர் கடை ஒன்றில் இருக்கும் எனக்கு, எல்லோரையும் அனுப்பிவிட்டு மழை வழியும் கண்ணாடியைப் பார்த்திருப்பதே பங்கு. இந்த வேலையில் இருக்கும் உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

நெஞ்சில் கை

இந்த வசந்தத்தில் பிலோமினாவும் கணவர் மரியதாஸும் வந்தார்கள். அவர்களுடைய மகன் அன்ரன், கூட வேலைசெய்யும் அரபுப் பெண் ரீமாவை விரும்புகிறான். அவளும் இவர்களைப்போலக் கத்தோலிக்கப் பிள்ளைதான். பெற்றோர் இருப்பது ஜோர்தானில், அம்மான் நகரில். முறையாக வீட்டுக்கு வந்து கேட்டால்தான் பெண் தருவேன் என்று தகப்பன் சொல்லிவிட்டார். முறை பிழைத்தால் கலியாணம் இல்லை.

அந்த வீட்டுப் பெண்கள் தாங்களாகக் கை நீட்டாவிட்டால், வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சாய்த்தால் போதும் என்றேன். மரியதாஸ் அங்கேயே ஒத்திகை பார்த்தார். நெஞ்சில் கை, மூடிய கண், ஒரு நீண்ட பெருமூச்சு. பக்கத்து மேசை ஜெர்மன்காரி பதறிப்போய்த் தண்ணீரோடு ஓடி வந்தாள். பிலோமினா கேட்டாள்: "பொம்பிளை கேக்கப் போறியளோ, ஆஸ்பத்திரிக்குப் போறியளோ?"

தொடக்கூடாத கோப்பை

அங்கே பெண் கேட்டு வந்தவர்களுக்கு முதலில் கோப்பி வைப்பார்கள். வந்த பெரியவர் அதைத் தொடாமல் தன் வேண்டுகோளைச் சொல்ல வேண்டும். "தந்தோம், குடியுங்கள்" என்று பெண்ணின் தகப்பன் சொன்ன பிறகே குடிக்கலாம். நான் இதைச் சொன்னதும் மரியதாஸின் முகம் வாடிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் பெண் பார்க்கப் போய், கொடுத்ததைத் தொடாமல் எழும்பினால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவர் சொன்னார்: "அக்கா, தேத்தண்ணியைத் தொடாட்டிப் பெட்டை வேண்டாம் எண்டல்லோ அர்த்தம்? என்னாலை ஏலாது."

அம்மானில்

திரும்பி வந்த பிலோமினா ஒரு பெட்டி இனிப்போடு கதையையும் கொண்டுவந்தாள்.

கோப்பி வந்தது. அறை முழுக்க ஏலக்காய் வாசம். மரியதாஸ் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அன்ரன் தகப்பனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்போது ரீமாவின் தாய் வாசலில் வந்து நின்று கண்ணைத் துடைத்தாள். மகள் தூர தேசத்திலேயே தங்கிவிடப் போகிறாளே என்ற அழுகை அது. மரியதாஸுக்கோ, கோப்பி தொடாமல் கிடப்பதைக் கண்டு, தன் மகளை வேண்டாம் என்கிறார்களே என்று அவள் அழுவதாகப் பட்டது. வாயைத் திறந்து பெண்ணைக் கேட்கும் முன்பே, கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

ரீமாவின் சிற்றப்பன்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரீமாதான், இவர்கள் ஊரில் குடிக்காமல் விட்டால்தான் பெண்ணை மறுத்ததாகும் என்று தகப்பனுக்கு அரபியில் விளங்கப்படுத்தினாள். அவர் வெறுங்கோப்பையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு, தானே எழும்பி வந்து இன்னொரு தரம் ஊற்றினார். அவர் சொன்னதை ரீமா ஜெர்மனில் சொல்ல, பிலோமினா எனக்குத் தமிழில் சொன்னாள்: "நான் தர முந்தியே மனுசன் எடுத்திட்டார். இனி நான் என்னத்தைச் சொல்லுறது? குடியுங்கோ!"

இந்தத் தொழிலில் நான் கண்டது இதுதான்: என் புத்திமதிப்படி நடந்தவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள், மீறிக் குடித்தவர் சம்பந்தியாகத் திரும்பினார்.