நாற்பது கடிதங்களும் பிலோமினா அக்காவும்

பிலோமினா அக்கா தவறிவிட்டார் என்று அவர் தம்பி தைப்பிங்கிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஏன் என்று அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவில் நாங்கள் வேலை பார்த்த வழக்கறிஞர் அலுவலகத்தில் அக்காவின் தட்டச்சு வேகம் பெயர்பெற்றது. அப்படிப்பட்டவர், மூன்று வருடத்துக்கு முன் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறியபோது, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் நாற்பது கடிதங்களை நாளுக்கு ஒன்று என்று தட்டிக்கொண்டிருந்தார். நாற்பதும் சேர்ந்தால்தான் தபாலுக்குப் போகும். அலுவலகத்துக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதை இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாம் ஒரே கடிதம்தானே அக்கா? பேரும் வீட்டு நம்பரும்தான் வேற. ஒரு தடவ அடிச்சா போதும், பேரையெல்லாம் அதுவே மாத்திக்கும்லா."

"தெரியும் தம்பி. லயத்துப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. ரெண்டு மாசம் போகட்டுமே."

வயதாகிவிட்டது, சாக்குச் சொல்கிறார் என்று எண்ணி, நேரே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பதும் பிரிண்டரிலிருந்து வந்து விழுந்தன. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்காதான் உறையில் போட்டு ஒட்டினார். பரீட்சைக்கு முன்பே லயம் காலியாகிவிட்டது.

அதற்கப்புறம் ஒருநாள் அவரே என் மேசைக்கு வந்தார். "அந்தப் பேர் மாத்துற வேலைய எனக்கும் காட்டு தம்பி." காட்டினேன். இந்தப் பிள்ளையை நடுவருடத்தில் சேர்த்துப் பரீட்சை எழுத விடுங்கள் என்று, லயத்துக் குடும்பங்கள் குடிபோன ஊர்களின் தலைமையாசிரியர்களுக்கு ஒரு கடிதம் அடித்தார். பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் மட்டும் மாறும். "சனிக்கிழம கொண்டுபோய்க் குடுக்கப் போறேன். கூட வாரியா?" வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை.

அப்புறமும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்க மூன்று வருடம் இருந்தது. கேட்கவில்லை.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் ஒரு பெண் தன் மகளோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த லயத்தில் இருந்தவர். "பள்ளிக்கூடத்துக்குக் குடுத்த லெட்டரெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்துதான் அடிச்சாங்களாம். அக்கா சொல்லிருக்காங்க அண்ணே. உங்களாலதான் இவ படிக்கிறா."

முதல் நாற்பது கடிதங்களைப் பற்றி அக்கா அவர்களிடம் மூச்சு விட்டிருக்கவில்லை. நானும் விடவில்லை. "இருக்கட்டும்மா" என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நன்றிதான். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.