பொட்டு எங்கே வைப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை கேமரன் மலையில் உள்ள ரிங்லெட் போயிருந்தேன். ஸ்ட்ராபெரி வாங்க அல்ல… ஒரு கருமாதிக்கு.

காலமானவர் ஓவியர் தர்மலிங்கம். மூலையில் 'தர்மா' என்று கையெழுத்துப் போட்ட பச்சை ஓவியங்களை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். மரம், மலை, மனிதன் — ஒன்றும் இருக்காது. பச்சையின் மேல் பச்சை, நடுவில் எங்கோ கொஞ்சம் சாம்பல் நிறம். அவ்வளவுதான்.

அந்தப் பச்சை வெளிநாட்டுக் கண்காட்சிகள் வரை போனது. அவரிடம் படித்தவர்களில் பாதிப் பேர் அவரைப் போலவே வரைந்தார்கள். மீதிப் பேர் அவரைப் போல வரைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் வரைந்தார்கள். கேமரன் மலை ஹோட்டல் வரவேற்பறைகளில் தொங்கும் பச்சைப் படங்கள் பலவும் அவரைப் பார்த்துப் போட்டவை. செல்வாக்கு என்றால் வேறென்ன? நம் பெயரே தெரியாதவனும் நம்மைக் காப்பியடிக்கிறான் அல்லவா!

அவர் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். அக்கா பார்வதி இன்னமும் அங்கேதான் இருக்கிறார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகன் அதே தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார்.

நான் நுழைந்தபோது இலை போட்டாகிவிட்டது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் மாலை போட்ட போட்டோ இருக்க வேண்டிய இடத்தில், கிட்டத்தட்ட கதவு உயரத்துக்கு ஒரு பச்சை ஓவியம் சுவரில் மாட்டியிருந்தது.

"ஆளே இல்லாம யாருக்குலா படைக்கிறது?" சடங்கு செய்ய வந்த பண்டாரம் கேட்டார். "ஐசி போட்டோவையாச்சும் பெருசு பண்ணி வெச்சிருக்கலாம்."

"அவன்தான் வேணாம்னு சொன்னான் சாமி," என்றார் அக்கா. "ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிக்கிட்டு சொன்னான். என் மூஞ்சிய மாட்டாதக்கா, உனக்கு வரைஞ்சு குடுத்தத மாட்டுன்னு."

ஏன் அப்படிச் சொன்னார்? எனக்குத் தெரியும். ஒருமுறை அவரே என்னிடம் சொன்னார்.

தர்மா தொழில் தொடங்கியதே இறந்தவர்களின் முகத்தை வரைந்துதான். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பலருக்கும் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கும் முகம்தான் ஒரே போட்டோ. அதைப் பார்த்துப் பெரிதாக வரைந்து கொடுப்பார். வாங்க வருபவர்கள் ஆளுக்கொரு குறை சொல்வார்கள். மூக்கு இப்படி இல்லை, தாடை இன்னும் கொஞ்சம் நீளம்… திருத்திக் கொடுப்பார்.

ஒரு நாள் ஒரு தாய் வந்தார். மகனை மோட்டார் விபத்தில் பறிகொடுத்தவர். ஓவியத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது எம்புள்ள இல்ல." ஓவியத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"எதத் திருத்தணும்னு அந்தம்மா சொல்லவே இல்ல," என்றார் தர்மா என்னிடம். "அதுக்கப்புறம் மூஞ்சி வரைய உக்காந்தா, பொய்ச் சாட்சி சொல்ற மாதிரி இருந்துச்சு."

கேஎல்லுக்கு, கோலாலம்பூருக்குப் போனார். வயிற்றுக்காகக் கடைகளுக்கு சைன்போர்டு எழுதினார். தனக்காக வரைந்தவற்றில் முதலில் முகம் போனது. பிறகு உடம்பு. பிறகு மலை. கடைசியில் நிறம் மட்டும் மிஞ்சியது. விமர்சகர்கள் 'வெறுமையின் தத்துவம்' என்று எழுதினார்கள். அவர் மறுக்கவில்லை… தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

சரி, கருமாதி வீட்டுக்கு வருவோம்.

பண்டாரம் கொஞ்சம் இறங்கி வந்தார். "வாக்குக் குடுத்துட்டீங்க, சரி. பொட்டாச்சும் வைங்கம்மா. பொட்டு வெச்சாதான் அவரு வந்து படையல ஏத்துக்குவாரு."

அக்கா சந்தனத்தைக் குழைத்து விரலில் எடுத்தார்.

"அக்கா, வேணாங்க்கா!" ரவீந்திரன் குறுக்கே வந்துவிட்டார். இவர் தர்மாவின் மாணவர். இப்போது தலைநகரில் ஒரு ஓவியக்கூடம் நடத்துகிறார். ஆசிரியருக்கு நினைவுக் கண்காட்சி ஏற்பாடு செய்பவரும் இவர்தான். அதற்கு இந்த ஓவியத்தையும் கேட்டிருந்தார். "பெயிண்ட்ல பட்டா அப்புறம் எடுக்க முடியாதுக்கா. ஃப்ரேம்ல வைங்க… மரத்துல."

அக்கா திரும்பிப் பார்த்தார். "ஃப்ரேமா தம்பி எங்கூடப் பொறந்துச்சு?"

ரவீந்திரன் விலகி நின்றார்.

"நீங்க அவன்கிட்டயே படிச்சவங்க," என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நெத்தி எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க. நான் அங்க வெச்சிக்கிறேன்."

ரவீந்திரன் அந்த ஓவியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர். மேலும் கீழும் பார்த்தார். "தெரியலக்கா," என்றார்.

எனக்கு மட்டும் தெரியுமா? வாராவாரம் இந்தப் பத்தியில் உலகத்துக்கே புத்தி சொல்கிற நான், ரவீந்திரனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

விரலில் சந்தனம் காய ஆரம்பித்தது. பொட்டு வைக்காவிட்டால் தம்பி பசியோடு போவான். முகத்தை மாட்டினாலோ கொடுத்த வாக்கு போய்விடும். அக்கா உடைந்து அழுதுவிட்டார். "நெத்திகூட வெக்காமப் போயிட்டானே, பாவி…"

அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ஓவியத்துக்கு நேரே போய் நின்றார். கண்களை இறுக மூடிக்கொண்டார். கால் விரல்களை ஊன்றி எம்பினார்… எம்பிய இடத்தில் பொட்டு வைத்தார். கண்ணைத் திறந்து, அதே இடத்தில் குங்குமமும் வைத்தார். "வாடா, வந்து சாப்பிடு," என்றார்.

"கேஎல்லுக்கு பஸ் ஏத்தி விடுறப்பல்லாம் இப்படி எம்பித்தான் துண்ணூறு பூசி விடுவேன்," என்று பிறகு சொன்னார். "நெட்டக் கொக்கு, குனியவே மாட்டான். அவன் ஒசரம் என் கைக்குத் தெரியும்."

பொட்டு விழுந்தது ஓவியத்தின் ஒரு பக்கமாக, பச்சை சாம்பலாக மாறும் இடத்தில். யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள் அந்த இடத்தை. ஆனால் பொட்டு வைத்த பிறகு, அதற்குக் கீழே இரண்டு கண்களைத் தேடாமல் இருக்க முடியவில்லை. பண்டாரம் மணி அடித்ததும் முதலில் தரையில் விழுந்து கும்பிட்டவர் ரவீந்திரன்தான்.

முகத்தை எவ்வளவு ஒழுங்காக வரைந்தும், அந்தத் தாய் 'இது எம்புள்ள இல்ல' என்று போய்விட்டார். முகமே இல்லாத ஒன்றின் முன்னால் நின்று, இந்த அக்கா 'வாடா, வந்து சாப்பிடு' என்றார். ஆயுள் முழுக்கத் தர்மா தேடிக்கொண்டிருந்தது இதைத்தானோ என்னவோ. அவர் இருந்து பார்க்கவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

நேற்று ரவீந்திரன் போன் செய்தார். கண்காட்சிக்கு ஓவியத்தைத் தர அக்கா சம்மதித்துவிட்டாராம். ஒரே நிபந்தனை: பொட்டை அழிக்கக் கூடாது. ஓவியங்களைச் சுத்தம் செய்பவர் பஞ்சோடு வந்தபோது, இவரே தடுத்து அனுப்பிவிட்டாராம். பக்கத்தில் ஒட்டப்போகும் சீட்டையும் எனக்குப் படித்துக் காட்டினார். "தலைப்பு இல்லை. கித்தானில் எண்ணெய் வண்ணம், சந்தனம், குங்குமம்."

வரைந்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் போடச் சொன்னேன்… யோசித்துச் சொல்கிறாராம்.