ஆள் கூடுது, பேச்சைக் காணோம்

கம்ப்யூட்டர் பார்க்கிறவனை ஆபீசில் யாரும் நம்ப மாட்டார்கள். அவனும் யாரையும் நம்பினால் பிழைக்க முடியாது. உங்கள் ஆபீசிலும் ஒரு பழைய சங்கதியைக் கட்டி மாரடிக்கிறவர் நீங்கள் என்றால், வாருங்கள், நாம் ஒரே சாதி.

தூத்துக்குடியில் கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நான் சிஸ்டம் அட்மின். எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கண்டெய்னர் வெளியே வந்தது என்று பல ஆபீஸ்காரர்கள் பேசிக்கொள்ள, எங்கள் சர்வரில் ஐ.ஆர்.சி. என்ற பழைய சாட் ஓடுகிறது. எழுத்து மட்டும்தான், படம், குரல் எதுவும் கிடையாது. ஒருநாள் முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டார். அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம்.

"எல்லாவனும் வாட்ஸப்புல கெடக்கான். இது வளருதா தேயுதான்னு மாசக் கடைசிக்குள்ள சொல்லு. தேஞ்சா மூடிருவோம். பெறவு ஒனக்கும் இங்கன சோலி இல்ல, பாத்துக்கோ."

வால் முளைத்தவர்கள்

சாட்டில் எல்லாரும் கூடிப் பேசுகிற அறையைத் திறந்தால், உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் கூடியிருந்தன. சந்தோஷப்பட்டேன், பிறகு சந்தேகப்பட்டேன். நெட் போய் வந்தால் பழைய பெயர் அப்படியே தொங்கும். அதே ஆள் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டுக்கொண்டு இரண்டாவது ஆளாக வந்து நிற்பார். கூட்டத்தில் பாதி இந்த வால்காரர்கள்தான்.

வால் இல்லாமல் தினமும் ஒழுங்காக வந்தவர் சுலைமான் காக்கா, காயல்பட்டினத்துக்காரர்; அங்கே காக்கா என்றால் அண்ணன். அவர் துபாய்க்குப் போய் வெகுநாளாயிற்றே என்று அவர் வேலை பார்த்த ஆபீசுக்கே போய்ப் பார்த்தேன். மூலையில் அவருடைய கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவே இல்லை. அது தானாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பக்கத்து சீட் முருகேசன் சொன்னான்: "காக்கா துபாய் போயும் லீவு போடாம வாராவ. இங்கன இருக்கவனுவளத்தான் தேடணும்."

நீல டிக்

அதே ஆபீசில் டாக்குமென்ட் பார்க்கிற ரோஸ்லின் அக்காவின் மேஜையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. திரையிலோ எங்கள் பழைய சாட். வாட்ஸப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். என்னை யார் அனுப்பியது என்று கண்டுபிடிப்பதுபோல் மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார்: "அதுல பாத்தா நீல டிக் விழுந்துருது தம்பி, மொதலாளி ஒடனே போன் போடுதாவ. இதுல பாத்தேனா பாக்கலையான்னு மாதாவுக்கு மட்டுந்தான் தெரியும்."

செல்வி வந்தாள்

அடுத்த வாரம் வால் இல்லாத புதுப்பெயர்கள் வரத் தொடங்கின. செல்வி, ராணி, குட்டி. வருவார்கள், உட்கார்ந்திருப்பார்கள், ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவர்கள் வரவர, பழைய ஆட்களும் கப்பல் பெயரைத் தவிர எதையும் பேசுவதில்லை.

எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறார்கள் என்று அட்மினுக்குத் தெரியும். செல்வி எங்கள் அண்ணாச்சியின் அறையிலிருந்து வந்தாள். மற்ற ஆபீஸ் சிஸ்டம் ஆட்களிடம் விசாரித்தால், ராணியும் குட்டியும்கூட முதலாளிகள்தான். சாட் தேய்கிறது என்ற பேச்சு அவர்கள் காதுக்கும் போய், ஆளாளுக்கு வேவு பார்க்க வந்திருக்கிறார்கள். ஊழியர்களோ பெயரை மட்டும் இங்கே விட்டுவிட்டு, மற்றப் பேச்சுக்கு அதே சர்வரில் வேறு அறை திறந்து குடிபோய்விட்டார்கள். வந்தது முதலாளிகள் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று முருகேசனிடம் கேட்டேன். "நம்ம ஆளுன்னா உள்ள வந்ததும் 'டீ குடிச்சாச்சா'ன்னு கேப்பாம்லா. செல்வி கேக்கலயே."

மாதக் கடைசி

வளர்கிறது என்றால் பொய். தேய்கிறது என்றால் வேலை போகும். செல்வி நீங்கள்தான் என்றால் அன்றைக்கே போகும். அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். "ஆளு கூடியிருக்கு அண்ணாச்சி. பேச்சுதான் கொறஞ்சிருக்கு" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "நானும் பாத்தேம்ல. இத்தன பேரு உக்காந்துக்கிட்டு ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டுக்கான்னா என்னமோ நடக்கு. என்னன்னு தெரியுத வரைக்கும் மூடாத. நீயும் எங்கயும் போயிராத."

ஆக, பழைய சாட் வளர்கிறதா தேய்கிறதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலாளிகளின் சந்தேகம் வளர்கிறது, அதில்தான் என் மகளுக்குப் பால் வாங்குகிறேன்.