செவலைக்குப் புதுக் கயிறு

அரியமுத்து தன் காரை விற்கப்போகிறார் என்ற பேச்சு அரியலூர் ரயிலடியில் கிளம்பியபோது முதலில் யாரும் நம்பவில்லை.

"அந்தாளு பொண்டாட்டிய வித்தாலும் விப்பாரு, செவலைய விக்கமாட்டாரு" என்றான் டீக்கடைக்காரன்.

இது அவர் பொண்டாட்டி இருசம்மாள் காதுக்கும் போனது. அவள் கோபப்படவில்லை. "என்னைய யாரு வாங்குவா? அதையாச்சும் கேட்டு ஆளு வருது" என்றாள்.

செவலை என்றதும் மாடு என்று நினைத்துவிட வேண்டாம். யுத்தம் முடிந்த மறுவருஷம் கப்பலேறி வந்த போர்டு கார் அது. எட்டு சிலிண்டர். செவலை மாட்டின் நிறம். மூக்கு மட்டுமே ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற நீளம். ரயிலடி ஸ்டாண்டில் அம்பாசடர் கார்களுக்கு நடுவே அது நின்றால், கன்றுக்குட்டிகளுக்கு நடுவே பொலிகாளை நிற்பது போலிருக்கும். ஸ்டார்ட் பண்ணினால் புளியமரத்துக் காக்கை எல்லாம் எழும்பிவிடும். பெரம்பலூருக்கு ரயில் இல்லாததால் அந்த ஊர்க்காரர்கள் அரியலூரில் இறங்கித்தான் போக வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களை அள்ளிப்போட்டுக்கொண்டு முப்பது வருஷமாக அந்த ரோட்டில் ஓடியது செவலைதான். பெட்ரோலை அது குடிக்கிற அழகைப் பார்த்து, பங்க்காரர்கள் அரியமுத்துவுக்கு மட்டும் நாற்காலி போடுவார்கள்.

அது வந்த கதையைச் சொல்லாமல் போன கதையைச் சொன்னால் நன்றாயிருக்காது.

அரியமுத்துவின் அப்பா பண்ணையாள். நட்டு நனைக்க ஒரு குழி நிலம் கிடையாது. அரியமுத்து சின்ன வயதிலிருந்து சந்தைக்கு மாடு ஓட்டிப் போனவர். வயிற்றைக் கட்டி ஒரு பாரவண்டியும் ஒரு ஜோடி மாடும் வாங்கினார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சொத்து என்று சொல்ல நாலு காதும் எட்டுக் காலும் வந்தது அப்போதுதான். ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில், பெரம்பலூர்க் கண்ட்ராக்டர் ஒருவருடைய கார் மருதையாற்று மணலில் இறங்கி நின்றுவிட்டது. கண்ட்ராக்டர் குடையைப் பிடித்துக்கொண்டு காரை எட்டி உதைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பீடைய எவனாச்சும் எடுத்துக்கிட்டு என்னைய வூடு சேத்தாப் போதும்டா சாமி!"

அந்தப் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த அரியமுத்து இறங்கினார். காரைச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார்.

"நான் எடுத்துக்குறேங்க. என் மாட்டையும் வண்டியையும் நீங்க எடுத்துக்குங்க."

கண்ட்ராக்டர் சிரித்தார். மழை வலுத்தது. சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் பாரவண்டியில் ஏறி, தானே தும்பைப் பிடித்து "ஹை, ஹை" என்று பெரம்பலூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அரியமுத்து காருக்குள் காலை நீட்டிப் படுத்தார்.

"ஓடுற மாட்டக் குடுத்துட்டு ஓடாத மாட்ட வாங்கியாந்திருக்கான்" என்று அவருடைய அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அரியமுத்து திருச்சியில் ஒரு பட்டறையில் கூட்டிப் பெருக்கி, எடுபிடி வேலை செய்து, தொழிலைக் கண்ணால் திருடிக்கொண்டு வந்தார். ஓடாத மாடு எழுந்து ஓடியது.

அன்றைக்கு அவர்கள் ஊரில் ஒரு சட்டம் இருந்தது. பெரியதெருவில் அரியமுத்துவின் தெருக்காரர்கள் சைக்கிளில் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். காரில் போனால் என்ன செய்வது என்று யாரும் சட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. இவர்கள் காரில் வருவார்கள் என்று யார் கண்டது? செவலை முதல் தடவை பெரியதெருவில் நுழைந்தபோது, நின்றிருந்த பெருந்தலைகள் ஒருவரை ஒருவர் பார்த்து யோசித்தார்கள். யோசித்து முடிப்பதற்குள் கார் தெருவைத் தாண்டிவிட்டது. ஹாரன் மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அடித்தார் அரியமுத்து. நாலு வருஷம் கழித்து அதே தெருவில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்குச் செவலைதான். அவர் முன்னால் உட்கார்ந்து போவார். அவர்கள் பின்னால் உட்கார்ந்து வருவார்கள்.

அப்படி ஓடின வண்டியை ஏன் விற்க வேண்டும்?

அரியமுத்துவின் கண்ணில் பூ விழுந்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இருசம்மாளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். "பொம்பளைக்கும் நாலு ஊர் பாக்கணும்னு ஆசை இருக்காதா?" என்று ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டார். ஊரார் புருஷன் பொண்டாட்டி ஒற்றுமையை மெச்சினார்கள். பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் விஷயம் தெரியும்.

"எடது பக்கம் ஆடு... போயிருச்சு. எதுக்க லாரி. சுண்ணாம்புக்கல்லு லோடு, அவன் ஒதுங்கமாட்டான், நீ ஒதுங்கு. இன்னும். இன்னும்யா! ம், இப்ப நேராப் போ."

எண்பத்து நாலாம் வருஷம் தாலுக்கா ஆபீஸ் சார் ஒருவர் இதைப் பேரளி வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தார். பேரளியில் "கொஞ்சம் நிறுத்துங்க, ஒண்ணுக்குப் போகணும்" என்று இறங்கினவர், பெட்டியோடு வேலி ஓரமாக நடந்தே போய்விட்டார். அடுத்த வாரம் செவலை ஒரு பனைமரத்தில் முட்டியது. இறங்கிப் போய் மரத்தைத் திட்டிவிட்டு வந்தார் அரியமுத்து.

"பனமரம் வழி வுட்டு நிக்கணுமா? இன்னிக்கி மரம், நாளைக்கி மனுசன். போதும்யா" என்றாள் இருசம்மாள்.

மனுசன் என்ற சொல்லுக்கு அவர் அடங்கினார். விற்பதற்கு ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. செவலை அடிமாடாகப் போகக் கூடாது. உழைத்த மாட்டை வெட்டுக்குக் கொடுக்கிற வழக்கம் அவர் வீட்டில் இல்லை. ஓட்டுகிறவன் கையில்தான் கொடுப்பார். இல்லாவிட்டால் வாசலிலேயே நின்று மண்ணாகப் போகட்டும்.

தரகு பேச இருசம்மாளின் தம்பி அங்கமுத்து வந்தான். அவன் மாட்டுத் தரகன். கார் விற்றுப் பழக்கமில்லை. அதனால் என்ன? மாடு விற்கிற மாதிரியே விற்றான்.

முதலில் திருச்சியிலிருந்து காயலான் கடைக்காரர் ஒருவர் வந்தார். அங்கமுத்து மரியாதையாக அவர் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, உள்ளே விரலை அழுத்தி விலை சொன்னான். அவர் பயந்துபோய்க் கையை உருவிக்கொண்டார்.

"என்னய்யா கையப் புடிக்கிறே! வண்டி எத்தன கிலோ தேறும், அதச் சொல்லு."

"கிலோவா?" அரியமுத்து எழுந்தார். "ஏம்ப்பா, எலும்போட வேணுமா, எலும்பு இல்லாம வேணுமா?"

வந்தவர் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்து கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். படகில் மாட்ட எஞ்சின் மட்டும் போதும், பாக்கி உடம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் பெருந்தன்மையாக.

"கறி வேணாமாம், ஈரல் மட்டும் வேணுமாம்" என்று இருசம்மாள் உள்ளே போய்விட்டாள். அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவன் தா.பழூர் வைத்திலிங்கம். முப்பது வயது இருக்கும். நெல் விவசாயம். ஜெயங்கொண்டம் பக்கம் வாடகைக் கார் ஓட்ட வேண்டும், கங்கைகொண்ட சோழபுரம் கோயில் பார்க்க வருகிறவர்களை ஏற்றலாம் என்று கணக்கு வைத்திருந்தான். துண்டுக்குள் விரல் பேசவும் தெரிந்திருந்தது. அங்கமுத்துவின் முகத்திலிருந்தே விலை படிந்துவிட்டது தெரிந்தது. எல்லாம் சரிதான். ஆனால் பையன் வந்து இறங்கியது ஒரு லாரியில்.

அரியமுத்து மச்சினனைத் தனியாக இழுத்தார். "டேய், காரு வாங்க வர்றவன் எதுக்குடா லாரில வர்றான்? துண்டு துண்டா வெட்டி ஏத்திக்கிட்டுப் போவத்தானே?"

"பஸ்ஸு கெடைக்கல மாமா, கைகாட்டி ஏறி வந்திருக்கான்."

"அடிமாட்டுக்காரனும் 'வளக்கத்தாங்க'ன்னுதான் சொல்லுவான். நீ அந்தப் பொய்ய எத்தன தடவ சொல்லியிருக்கே?"

அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அது தொழில் ரகசியம்.

அரியமுத்து வைத்திலிங்கத்திடம் வந்தார். "தம்பி, மாடு விக்கிறப்ப நாங்க தலைக்கயிறு குடுக்கறதில்ல. குடுத்தா வூட்டு லட்சுமி கூடவே போயிடும். வாங்குறவன்தான் புதுக்கயிறு கொண்டாரணும். உங்க ஊர்லயும் அதானே?"

"ஆமாங்க. ஆனா இது காருங்களே?"

"காருக்குக் கயிறு இது." முன்சீட்டின் அடியிலிருந்து ஹேண்டிலை எடுத்துக் காட்டினார். செல்ஃப் ஸ்டார்ட்டர் செத்துப் பல வருஷம் ஆகிறது. இரண்டு இடத்தில் வளைந்த அந்த இரும்புக் கம்பியை முன்மூக்கில் சொருகிச் சுற்றினால்தான் செவலை கண்விழிக்கும். "இது எங்கிட்டதான் இருக்கும். நீ புதுசு அடிச்சுக்கிட்டு வா. அதுல ஸ்டார்ட் பண்ணு. ஓட்டிக்கிட்டுப் போ."

வைத்திலிங்கம் அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். "இந்த வண்டிக்கு ஹேண்டிலு கடையில கெடைக்காதுங்களே பெரியவரே."

"கெடைக்காது."

"அப்ப?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

வைத்திலிங்கம் கூரை ஓரம் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, ஹேண்டிலின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றாக அளந்து ஒடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

"வரமாட்டான் மாமா. நல்ல கிராக்கிய வெரட்டிட்டே" என்றான் அங்கமுத்து.

"வராட்டி வெட்டுக்காரன். வெட்டுற மாட்டுக்கு எவன்டா புதுக்கயிறு வாங்குவான்?"

அப்படிச் சொன்னாரே தவிர, அடுத்த வாரம் முழுக்க வாசலில் சைக்கிள் மணி கேட்டால்கூட எழுந்து எழுந்து பார்த்தார். வந்துவிடக் கூடாது என்று பார்த்தாரா, வர வேண்டும் என்று பார்த்தாரா என்று இருசம்மாளுக்கே பிடிபடவில்லை. "ரெண்டுல ஒண்ணு நெனைய்யா, சாமி கொழம்பிறப் போவுது" என்றாள்.

வைத்திலிங்கம் வந்தான். கையில் மஞ்சள் துணி சுற்றிய பொட்டலம். பிரித்தால், மஞ்சளும் குங்குமமும் வைத்த புது ஹேண்டில். கலப்பைக் கொழு அடிக்கிற ஆசாரி அடித்தது. கிணறு வெட்டக்கூடிய கனம் இருந்தது. ஆசாரி இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாம் தடவைதான் வளைவு சரியாக வந்ததாம்.

அரியமுத்து அதை வாங்கித் தடவிப் பார்த்தார். கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. விரலுக்கு எல்லாம் தெரிந்தது.

"சுத்து பாப்பம்."

முதல் சுற்றில் ஹேண்டில் வழுக்கியது. இரண்டாவது சுற்றில் செவலை இருமியது. ஆயில் எஞ்சின் சுற்றிப் பழகின கை என்பது வைத்திலிங்கம் குனிந்த தோரணையிலேயே தெரிந்தது. மூன்றாவது சுற்றில் எட்டு சிலிண்டரும் ஒன்றாக உறுமின. தெருக்கோழிகள் சிதறின.

"துரோகி" என்றார் அரியமுத்து, காரைப் பார்த்து. "அன்னியன் கைக்கு ஒரு நாளாச்சும் மொரண்டு புடிக்கக் கூடாதா?"

பழைய ஹேண்டிலை இருசம்மாள் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகை முளையில், விற்ற மாடுகளின் கயிறுகளோடு தொங்கவிட்டாள்.

புறப்படும்போது வைத்திலிங்கம், "மொதல்ல கல்லங்குறிச்சிக்குப் போயி பெருமாளுக்கு ஒரு சூடம் கொளுத்திட்டுப் போறேன். நீங்களும் ஆத்தாவும் வாங்க பெரியவரே" என்றான்.

அரியமுத்து பழக்கத்தில் வலது பக்கக் கதவைத் திறந்தார். அங்கே வைத்திலிங்கம் உட்கார்ந்திருந்தான். "அட ஆமால்ல" என்று மூடிவிட்டுப் பின்கதவைத் திறந்தார். முப்பது வருஷத்தில் அவர் அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. ஊர் எல்லை தாண்டியதும் நெளிய ஆரம்பித்தார்.

"என்னமோ குத்துது இருசம்மா."

"ஸ்பிரிங்கு. அந்தப் பக்கம் ஒக்காந்தா எல்லாருக்கும்தான் குத்தும்."

"எத்தினி காலமா?"

"நம்ம பெரிய மவ சடங்காவறதுக்கு முந்திலேருந்து."

"ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே!"

"செவலையக் கொறை சொல்லிட்டுப் பெரம்பலூரு வரைக்கும் உங்கிட்ட எவன் வசவு வாங்குவான்?"

வைத்திலிங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினான். கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு வைத்து நசுக்கி, சூடம் காட்டி முடித்த பிறகு பவ்யமாகக் கேட்டான்: "பெரியவரே, அந்த ஸ்பிரிங்க மாத்திடவா? இல்ல, உங்க மனசுக்குச் சங்கடமா இருந்தா அப்படியே வுட்டுடறேன்."

அரியமுத்து வாயைத் திறந்தார். தொடாதே என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. செவலையின் மூக்கில் ஒரு தடவை கை வைத்தார். சூடாக இருந்தது. நன்றாக ஓடியிருக்கிறது.

"எங்கிட்ட என்னாத்துக்குக் கேக்குற? வண்டிக்காரன் நீ."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல், இடுப்பைத் தேய்த்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். இருசம்மாள் பின்னால் ஓடினாள். டவுன் பஸ் வந்தது. ஜன்னல் ஓர இடமும் கிடைத்தது. அரியமுத்து உட்கார்ந்து ஒரு தடவை மேலும் கீழும் அமுங்கிப் பார்த்தார்.

"அடியே, இது மெத்துனு இருக்குடி" என்றார்.