திங்கட்கிழமைப் பொத்தான்

யாழ்ப்பாணம் குருநகரில் யாருக்காவது ஒரு விண்ணப்பப் போம் நிரப்ப வேண்டுமென்றால், கனிசியஸின் மூத்த மகள் ஸ்ரெல்லாவின் வீட்டைத்தான் காட்டுவார்கள். படகுப் பதிவு, பிறப்புப் பத்திரம், கடவுச்சீட்டு, எதுவானாலும் அவளிடம்தான் வரும். அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தரே வாசிக்காத பொடி எழுத்தையும் அவள் விடமாட்டாள். தன்னைப் பெண் பேசி வந்த ஒரு மாப்பிள்ளையின் விபரத் தாளில் வயது பிழை என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். அதோடு அந்தக் கலியாணமும் போயிற்று. இப்போது முப்பத்தெட்டு வயது, முன்பள்ளியில் படிப்பிக்கிறாள்.

தம்பி ஜஸ்ரின் அவளுக்குப் பதினைந்து வயது இளையவன். தாய் கண்ணை மூடியபோது அவன் நாலாம் வகுப்பு. அன்றிலிருந்து அவனுடைய பள்ளிக்கூடத் தாள் எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்தது ஸ்ரெல்லாதான். அவன் லண்டனில் படிக்கப் போனபோதும் விண்ணப்பம் முதல் விசா வரை அவளே பார்த்தாள். பல்கலைக்கழக இணையத்தளத்தில் அவனுக்குக் கணக்குத் திறந்தவளும் அவள்தான். கடவுச்சொல்லுக்கு அம்மாவின் பெயரையும் அம்மா செத்த ஆண்டையும் போட்டாள்.

வெளிநாட்டுப் பிள்ளை உண்மையில் படிக்கிறானா என்று பல்கலைக்கழகம் கண்காணித்து அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டும். வகுப்புக்குப் போனால் வாசலில் அட்டையைக் காட்டவேண்டும். அது போதாதென்று திங்கட்கிழமை தோறும் அந்தத் தளத்துக்குள் போய், ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தினால் அது பச்சையாகும். ஞாயிறு இரவு வேலைக்குப் போன ஜஸ்ரின் மூன்றாவது கிழமை நித்திரையாகிவிட்டான். உடனே எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. பயந்துபோய் அக்காவுக்குத்தான் முதலில் போன் எடுத்தான்.

ஸ்ரெல்லா அவனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அடுத்த திங்கள் காலைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நின்றபடியே அவனுடைய கணக்குக்குள் போய் பொத்தானை அழுத்தினாள். தம்பி அங்கே வேலை முடிந்து களைத்துப்போய் வந்து படுப்பான், இதற்காக அவனை ஏன் எழுப்பவேண்டும்? எழும்பிப் பார்த்த ஜஸ்ரினோ, வகுப்பு அட்டையோடு சேர்ந்து அதுவும் தானாகப் பச்சையாகிறது என்று நினைத்துக்கொண்டான். இருவரும் அதைப்பற்றிக் கதைக்கவே இல்லை. பதினொரு திங்கள் இப்படிப் போனது.

அதற்கடுத்த கிழமை, ஒரு பின்னேரம். ஸ்ரெல்லா இறால் உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“அக்கா, ஆரோ என்ரை கணக்குக்குள்ளை போயிருக்கிறாங்கள். நான் லண்டனிலையே இல்லையாம். பதினொரு கிழமையா யாழ்ப்பாணத்திலை இருந்து பச்சை போட்டிருக்கிறனாம்.”

ஸ்ரெல்லாவுக்கு உரித்த இறால் எது, உரிக்காதது எது என்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அவனோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். கடவுச்சொல் தன்னைத் தவிர ஒருவரிடமும் இல்லை என்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டானாம். அவன் பொய் சொல்லவில்லை. அக்காவிடம் இருப்பது வேறொருவரிடம் இருப்பதாக அந்த வீட்டில் யாரும் நினைத்ததே கிடையாது.

“தம்பி, அது நான்தான்.”

“ஏன் அக்கா?” என்று மட்டும் கேட்டான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த எச்சரிக்கைக்குப் பிறகு ஒரு வகுப்பும் தவறவிடவில்லை என்றான். திங்களுக்கென்று இரண்டு அலாரம் வைத்திருக்கிறானாம்.

அன்றைக்கே விதிகள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வாசித்தாள். மூன்று கிழமை பொத்தானை அழுத்தாவிட்டால் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். வேறொருவர் அழுத்தினால் பதிவிலிருந்து பெயரையே வெட்டுவார்களாம். முப்பத்தெட்டாம் பக்கத்தில் அது கிடந்தது. முதலே வாசித்த வரிதான். யாரோ கள்ளருக்கு எழுதியது என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள். தன்னை நினைக்கவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

விளக்கம் கொடுக்க ஐந்து நாள் தந்தார்கள். அதற்கும் ஒரு போம். ஜஸ்ரினைக் கேட்டுவிட்டு அவளே நிரப்பினாள். அவன் வகுப்புக்குப் போன அட்டைப் பதிவுகளை எல்லாம் இணைத்தாள். கணக்குக்குள் புகுந்தது யார் என்ற இடத்தில் முகவர், நண்பர், தெரியாதவர், மற்றவர் என்று நாலு பெட்டி இருந்தன. ‘மற்றவர்’ என்பதில் அடையாளமிட்டு, பக்கத்தில் அக்கா என்று எழுதினாள். ஊராருக்காக எத்தனையோ நூறு போம் நிரப்பியவள், அன்றைக்குத்தான் பிழை செய்தவளாகத் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தாள். உள்ளதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று முழுதாக நம்பினாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது, ‘செல்வி ஸ்ரெல்லா கனிசியஸ்’ என்று அவளுடைய பெயருக்கே. அவளுடைய நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஜஸ்ரின் லண்டனில்தான் இருந்தான், ஒழுங்காகப் படித்தான் என்பதை ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் அவனுடைய கடவுச்சொல் ஆரம்பத்திலிருந்தே இன்னொருவரிடம் இருந்தது அவளுடைய வாக்குமூலத்தால் உறுதியாகிவிட்டதாம். அப்படியானால் அவன் எழுதிக் கொடுத்தது பொய்யாம். பெயரை வெட்டி அரசாங்கத்துக்கும் அறிவித்தாயிற்றாம். அறுபது நாளுக்குள் அவன் நாட்டைவிட்டுப் போகவேண்டுமாம்.

மூன்று தரம் வாசித்தாள். அவன் எழுதிக் கொடுத்தது பொய் என்பதற்கு அவர்களிடம் வேறு சாட்சி ஒன்றுமில்லை. தம்பியைக் காப்பாற்ற அவள் எழுதிய அந்த ஒரு தாளை வைத்தே அவனை வெட்டியிருக்கிறார்கள்.

ஜஸ்ரின் போன் எடுத்தான். அவனுக்கும் கடிதம் கிடைத்திருந்தது. அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

“சாப்பிட்டீங்களோ அக்கா?” என்றான்.

ஓம் என்று பொய் சொன்னாள்.

போனை வைத்த பிறகுதான் கடிதத்தின் அடியில் இன்னொன்று இருப்பதைக் கண்டாள். எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா என்று ஐந்து கேள்வியோடு ஒரு சின்னப் போம். அதன் பொடி எழுத்துவரை வாசித்து முடித்தாள். பிறகு வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு போமை நிரப்பாமல் விட்டாள்.